பொட்டு வைத்த கைத்துப்பாக்கி

ஜெர்மனியில் நான் இருந்த ஆறு வருஷத்தில் என்னிடம் யாரும் பெரிதாக எந்த உதவியும் கேட்டதில்லை. வெளிநாட்டுப் பெண்ணிடம் என்ன கேட்பார்கள்? கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், மணி கேட்பார்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, ஒரு காரியம் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கேட்டவர் என் வீட்டுக்காரம்மா. அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்துபோய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயத்தில் மாடி அறையை வாடகைக்கு விடுவதாகப் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். வெளிநாட்டவர் வேண்டாம் என்று எழுதாத சீட்டு அது ஒன்றுதான். அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கீழே அவர், தையல் இயந்திரத்தோடு. பழைய கோட்டுகளைப் பிரித்து அளவு குறைத்துத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். மேலே சாய்ந்த கூரைக்கு அடியில் நான். அந்தக் கூரையில் வாரம் ஒரு முறையாவது தலையை இடித்துக்கொள்வேன்.

தனிமை என்று எழுதினால் ஏதோ முனிவர் காட்டில் இருந்தது போல கௌரவமாகத் தெரிகிறது. எனக்கு வாய்த்தது அந்த ஜாதி இல்லை. டிராமில் டிக்கெட் பரிசோதகர் 'நன்றி' என்று சொன்னதைத் தவிர நாள் முழுக்க வேறு யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசாத நாட்கள் எத்தனையோ உண்டு. ஆய்வகத்தில் பேசுவார்கள், என் சோதனைக் குழாயைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று கூப்பிடுவார். கீழே போனால் காபி, ஆப்பிள் வைத்த கேக். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்காக மீதி ஆறு நாளையும் ஓட்டினேன் என்றால் அது மிகையில்லை. அவர் பேசியது ஜெர்மன்தான். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் காதில் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஊரே அப்போது பயந்து கிடந்தது. பேப்பரைப் பிரித்தால் தீவிர இடதுசாரிக் கும்பல்களின் வங்கிக் கொள்ளை, குண்டுவெடிப்பு, நடுச்சாலையில் துப்பாக்கிச் சூடு. தபால் நிலையத்தில் தேடப்படுபவர்களின் முகங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். தபால்தலை வாங்க நிற்கும்போது அந்த முகங்கள் என்னைப் பார்க்கும், வரிசையில் நிற்பவர்களும் என்னைப் பார்ப்பார்கள். ஒலிம்பிக் போட்டிக்கு வந்த வீரர்களை அரபுத் தீவிரவாதிகள் கொன்ற பிறகு, அரபு நாட்டு மாணவர்கள் சிலர் ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று என்று பேச்சு. நான் அரபு இல்லை என்பது என் பாஸ்போர்ட்டுக்குத் தெரியும், என் நிறத்துக்குத் தெரியாது. ஒரு நாள் ரயில் நிலைய வாசலில் ஒரு இளம் போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். தோளில் இயந்திரத் துப்பாக்கி. பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விரலை விசைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். என் அப்பா பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே திட்டியிருப்பார்.

அப்பா ஆயுதப்படைப் போலீஸில் ஏட்டு. துப்பாக்கிக் கிடங்கின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். கையெழுத்து இல்லாமல் ஒரு தோட்டா வெளியே போகாது. ஒரு முறை ஊர்வலத்தைச் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று துப்பாக்கிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "நான் சுடல, எடுத்துத்தானே கொடுத்தேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சோற்றை மூடி வைத்தாள். எனக்கு அப்போது பதினான்கு வயது.

ஆய்வகத்தின் காபி வேளையில் எல்லாரும் இதே பேச்சாக இருந்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பதற்குப் புதுச் சட்டம் வரப்போகிறது, பதிவு, அனுமதி என்று எல்லாம் கெடுபிடியாகும் என்று சொன்னார்கள். தாடி வைத்த உதவி ஆராய்ச்சியாளருக்கு அது பிடிக்கவில்லை.

"கொள்ளைக்காரன் லைசென்ஸ் வாங்கிக்கிட்டா வர்றான்? சட்டத்துக்குப் பயந்தவன்தான் வெறுங்கையோட நிப்பான்," என்றார்.

கண்ணாடிக் கருவிகள் ஊதித் தரும் பெரியவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல எல்லார் கையிலயும் துப்பாக்கி இருந்துச்சு. என்ன ஆச்சுன்னு பார்த்துட்டோம்," என்றார்.

தாடிக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்க நாட்டுல போலீஸ்கிட்ட துப்பாக்கி இருக்கா?"

"பெரும்பாலும் லத்தி. அதாவது தடி," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல. எனக்கு அதுதான் ஆகாது. அப்பாவின் கிடங்கைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசினேன். பாதியிலேயே மணி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆயுத பூஜை வந்தது. அம்மா கொடுத்தனுப்பிய குங்கும டப்பாவும் சந்தன வில்லையும் என்னிடம் இருந்தன. கணக்குப் போடும் ஸ்லைடு ரூலையும் ஆய்வுக் குறிப்பேட்டையும் மேஜையில் வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். துவைத்த திரைச்சீலையை மாட்ட வந்த வீட்டுக்காரம்மா அப்படியே நின்றுவிட்டார். விளக்கிச் சொன்னேன். நமக்குச் சோறு போடும் கருவிகளுக்கு இன்று மரியாதை, நாளைக் காலைவரை அவற்றைத் தொடமாட்டோம் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். கீழே போய் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் கொண்டுவந்து வைத்தார். கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் என் வாய் சும்மா இருக்குமா? அப்பாவின் கிடங்கில் துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்தி வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், போலீஸ்காரர் பிள்ளைகளுக்கெல்லாம் பொரியும் கடலையும் கிடைக்கும் என்று சொன்னேன்.

"துப்பாக்கியைப் பார்த்தா உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டார்.

"பழக்கம்தான்," என்றேன்.

அவர் கீழே போனார். திரும்பி வர நேரமாயிற்று. கையில் சாம்பல் நிறப் பருத்தித் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால் கைத்துப்பாக்கி. போர் முடிந்து கணவர் வீடு திரும்பியபோது கொண்டுவந்தது. அமெரிக்க சிப்பாய்கள் வீடு வீடாக ஆயுதம் தேடியபோது நிலக்கரி அறையில் புதைத்து வைத்திருந்தாராம். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஏட்டின் மகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் தொடமாட்டேன், கீழே கொண்டு போங்கள் என்றிருக்க வேண்டும். ஆனால் துணியைப் பிரித்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசனை வந்தது. அது என் அப்பாவின் காக்கிச் சட்டை வாசனை. ஊரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக அந்த வாசனை என் அறைக்குள் வந்தது. துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். முதலில் தோட்டாக் கூட்டைக் கழற்று என்பது அப்பாவின் பாடம். கழற்றினேன். உள்ளே தோட்டாக்கள் நிறைந்திருந்தன. இரண்டையும் தனித்தனியாக மேஜையில் வைத்து, கைப்பிடியில் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். அனுமதி இல்லாத ஆயுதத்துக்குப் பூஜை போட்டவள் அந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அது இரவெல்லாம் என் மேஜையில்தான் இருந்தது. மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், தோட்டாவோடு சேர்த்து. வீட்டுக்காரம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ராத்திரி நல்லாத் தூங்கினேன்," என்றார். நானும் ஏதோ உபசாரத்துக்குத் தலையாட்டினேன்.

குளிர்காலம் போயிற்று. புதுச் சட்டம் வந்தது. பதிவில்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்ன தேதிக்குள் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்குக் கிடையாது, எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள் என்று பேப்பரில் அறிவிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக்கை வெட்டி என் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்காரம்மா அந்தப் பக்கத்தை என் முன்னால் நகர்த்தினார்.

"அதைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க என்கூட வரணும்."

"எங்கே?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. நீங்க தூக்க வேண்டாம், என் பையில நானே எடுத்துக்கிட்டு வர்றேன். பக்கத்துல நடந்து வந்தாப் போதும்."

"போன் பண்ணினா அவங்களே வந்து வாங்கிக்குவாங்களே," என்றேன்.

"சீருடை வாசல்ல வந்து நின்னா தெருவே பார்க்கும். எனக்கு அது வேண்டாம். தனியா அதை எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கிறதுக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் காபியை ஊற்றினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் தங்கும் அனுமதி அந்த மாதம் முடிகிறது. நீட்டிக்க விண்ணப்பித்திருந்தேன், பதில் வரவில்லை. வெளிநாட்டவர் அலுவலகமும் போலீஸ் நிலையமும் எதிரெதிரே. அனுமதி கிடைக்காவிட்டால் மூன்று வருஷ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் அந்த விண்ணப்பம் இருந்தது.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழர், ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். மாதம் ஒரு முறை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டவர், குங்குமம் வைத்த இடம் வந்ததும் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு இருக்கியேம்மா. உன் ஃபிங்கர் பிரின்ட் அதுல இருக்கு. விசா எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு. இந்த நேரத்துல ஒரு இண்டியன் பொண்ணு பிஸ்டலோட போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள போனா என்ன நினைப்பான்? அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதே."

"அவங்க பையிலதான் இருக்கும் அண்ணா. நான் சும்மா கூட நடக்கணும், அவ்வளவுதான்."

"கூட நடந்தாலும் விட்னஸ். அவங்க ஜெர்மன், அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உன்னை யாரு வந்து காப்பாத்துவா, நானா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னதால் நான் முடிவு செய்யவில்லை. முடிவை எடுத்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்கே போனேன். அதை வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு கீழே போனதும், உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "என் அனுமதி இன்னும் வரல. போலீஸுக்கெல்லாம் என்னால வர முடியாது. மன்னிச்சுக்கங்க."

"புரியுது," என்றார் வீட்டுக்காரம்மா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். ஆய்வகத்து ஸ்பிரிட். "கைப்பிடியில என் குங்குமம் இருக்கும். இதைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சாப் போயிடும். முழுசாத் துடைச்சிடுங்க. என் பேரை அங்கே சொல்ல வேண்டாம்," என்றேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாட்டிலை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றும் காபி குடித்தோம். பக்கத்து வீட்டு ரோஜாச் செடியைப் பற்றிப் பேசினோம். அதற்கு அடுத்த ஞாயிறு மூன்றரை மணிக்கு மாடிப்படியில் குரல் வரவில்லை. நான்கு மணிவரை செருப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

கோபித்துக்கொண்டார் என்றால் அதுவும் இல்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், என் கடிதங்களைப் படியில் எடுத்து வைப்பார். தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் படியிறங்கினால் நிற்கும், தெருக்கதவைச் சாத்தினால் மறுபடி ஓடும். அதற்கு நான் ஆயிரம் அர்த்தம் கற்பித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் என் தங்கும் அனுமதியும் வந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு பெண்மணி தலை நிமிராமல் முத்திரை குத்தி, இரண்டு வருஷம் என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலில் நின்று எதிரே இருந்த போலீஸ் நிலையத்தைப் பார்த்தேன். இப்போது மடியில் கனம் இல்லை. ஒப்படைக்கும் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குப் போய், வாருங்கள் போகலாம் என்று சொன்னால் முடிந்தது. டிராமில் வரும்போது அந்த வாக்கியத்தை ஜெர்மனில் பிழையில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கதவைத் திறந்ததும் தையல் இயந்திரம் நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக மாடிக்கு ஏறிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றே கிட்டத்தட்ட மூன்று வாரமும் போயிற்று.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது, ஒரு மதியம், பல்கலைக்கழகத்திலிருந்து சீக்கிரம் வந்தேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டையும் கழற்றவில்லை, தொப்பியையும் கழற்றவில்லை. துணி வாங்கப் போகும் பெரிய கைப்பை மடியில், வாய் திறந்தபடி, காலியாக இருந்தது.

"கொடுத்துட்டேன்," என்றார்.

என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி என்ன தெரியுமா? இதை எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல. சின்னப் பையன் ஒருத்தன்தான் இருந்தான். நாற்காலி போட்டு உட்கார வெச்சான். ஒண்ணுமே கேட்கல. ரசீது கொடுத்தான்."

"நடந்தா போனீங்க?"

"நடந்துதான் போனேன். நடுவுல ரெண்டு இடத்துல நின்னேன்." பையின் வாயை மூடிப் பூட்டைப் போட்டார். மறுபடி திறந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "அவர் போனப்புறம் முதல் குளிர்காலத்துல மூணு தடவை அதை வெளியே எடுத்தேன். மூணாவது தடவை ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தேன். மறுநாள்தான் உங்க யூனிவர்சிட்டிக்குப் போய் அந்தச் சீட்டை ஒட்டினேன். எனக்கு வாடகை தேவையில்ல. மேலே ஒரு ஆள் நடக்கிற சத்தம் கேட்டா எடுக்க மாட்டேன்னு தோணுச்சு. எடுக்கவும் இல்ல."

ஒன்றரை வருஷமாக அந்தச் சாய்ந்த அறையில் நான் நடந்த நடையெல்லாம் கீழே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு யாருமில்லை என்று மேலே நான் அழுத நாட்களிலும் கேட்டிருக்கிறார்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா கூட வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பேன்."

அது பொய். சொல்லியிருந்தால் அந்த வாரமே வேறு அறை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அப்படிப்பட்ட வீட்டில் நமக்கு எதற்கு வம்பு என்றுதான் யோசித்திருப்பேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"இனிமே எனக்குப் பயமில்ல. உங்களுக்கு யூனிவர்சிட்டிக்குப் பக்கத்துல நல்ல அறை கிடைச்சா தாராளமாப் போகலாம். என்னை நினைச்சு இருக்க வேண்டாம்," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நான் அவரை நினைத்து ஒரு நாளும் இருந்ததில்லை. அன்றுதான் முதல் தடவையாக, போகமாட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. அதைச் சொல்ல என்ன யோக்கியதை இருந்தது எனக்கு? சரி என்றேன்.